அப்பாவின் ட்ரம்பெட்



ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் பெயர்ப் பலகையில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் இருக்கிறது, தோட்டந்தான் இல்லை. பால் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் மாணவர்களில் பலர் அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள்தாம். அதனால் யார் கேட்டாலும், "தோட்டப் பள்ளி வாத்தியார்" என்றே என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சம்பவம் நடந்தது. ஓய்வு நேரம் முடிந்து நான் உள்ளே நுழைகிறேன். ஒரு மாணவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுகிறான். விசாரித்ததில், மற்றப் பையன்கள் அவனை, "சாவுக்கு அடிக்கிறவன் மகன்" என்று கேலி செய்திருக்கிறார்கள். அவனுடைய தகப்பனார் வாரநாட்களில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சாவு வீடுகளுக்கு அழைத்தால் தப்பு அடிக்கப் போவார்.

கேலி செய்தவர்களை எழுப்பி நிற்க வைத்தேன். கண்டிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஏன் தெரியுமா? ஏறத்தாழ அதே சொல்லை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதுவும் என்னைப் பெற்ற தகப்பனிடம்.

அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

என் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியவர். காலைக் குளிரில்தான் மரம் நன்றாகப் பால் விடும் என்பது தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அப்பாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அவர் ட்ரம்பெட் வாசிப்பார்.

தோட்டத்துப் பால்வெட்டுக்காரருக்கு ட்ரம்பெட் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். சீனர்களின் சவ ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வசதியுள்ள குடும்பமென்றால் வெள்ளைச் சீருடை அணிந்த பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு நடப்பார்கள். 1968ஆம் ஆண்டு, அப்பாவுக்கு 21 வயது. கூலாய் டவுனில் அப்படியொரு ஊர்வலத்தைப் பார்த்தவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடுகாடு வரை பின்னாலேயே போய்விட்டாராம். அந்த பேண்டில் ட்ரம்பெட் ஊதிய சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்து மலாயில், "உனக்கு இறந்தவர் சொந்தமா?" என்று கேட்டாராம். "இல்லை, உங்கள் வாத்தியந்தான் சொந்தம்" என்றாராம் அப்பா. பெரியவர் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாடம் தொடங்கிவிட்டது.

அந்தப் பெரியவர் சாதாரண ஆளல்ல. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னே சிங்கப்பூர் நடன மண்டபங்களில் வாசித்தவர். 1923இல் நியூ வேர்ல்டு, 1931இல் கிரேட் வேர்ல்டு, 1937இல் ஹேப்பி வேர்ல்டு என்று சிங்கப்பூரில் மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. அவற்றின் நடன மண்டபங்களில் இரவெல்லாம் பேண்டு முழங்கும். பிலிப்பினோக்கள் பலர் அந்த பேண்டுகளில் பேர் பெற்றவர்கள். அமெரிக்காவில் பிறந்து அக்காலத்தில் உலகத்தையே ஆட்டிவைத்த 'பிக் பேண்ட்' இசை அது. ட்ரம்பெட்டுகள் ஒரு வரிசை, டிராம்போன்கள் ஒரு வரிசை, சாக்ஸபோன்கள் ஒரு வரிசை, பக்கத்தில் பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ். மொத்தம் 15, 16 பேர். அதன் பெரும்புள்ளிகளில் ஒருவரான கிளென் மில்லர் 1944 டிசம்பரில் போர்வீரர்களுக்கு வாசிக்க விமானம் ஏறியவர், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கு மேலே காணாமற் போனார். இன்றுவரை அவர் உடல் கிடைக்கவில்லை.

போருக்குப் பிறகு அத்தனை பேருக்குக் கூலி கொடுத்து பேண்டு நடத்துவது கட்டுப்படியாகவில்லை. பிறகு நாலு பேர் கிதார் மாட்டிக்கொண்டு பாடும் காலம் வந்தது. பெரிய பேண்டுக்காரர்களில் சிலர் வானொலிக்குப் போனார்கள். நம் வானொலியின் இசைக்குழுவை 1961இல் அல்போன்சோ சொலியானோ உருவாக்கினார். அவரும் பிலிப்பினோ வம்சத்தவரே. வானொலிக்குப் போக வழியில்லாதவர்கள் சவ ஊர்வலத்துக்கு வந்தார்கள். எங்கள் பெரியவர் அப்படி வந்தவர்.

அவர் அப்பாவுக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்: "ட்ரம்பெட்டுக்குக் குரல் கிடையாது. உன் உதட்டின் அதிர்வுதான் குரல். மூன்று பித்தான்கள் வழியைத்தான் மாற்றும். ஒரு வாரம் ஊதாமல் விட்டால் உனக்குத் தெரியும். ஒரு மாதம் விட்டால் ஊருக்கே தெரியும்." அப்பாவின் மேலுதட்டில் ஊதி ஊதி ஒரு வட்டத் தழும்பு விழுந்திருந்தது. சிறுவயதில் அதைப் பிறவி மச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் பாடம் இன்னும் முக்கியமானது: "உன் வரிசையில் பக்கத்தில் இருப்பவன் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. அவன் விட்ட இடத்தை நீ தாங்கு. கேட்பவருக்கு மூச்சு விட்டதே தெரியக்கூடாது."

ஐந்தாறு வருடத்தில் அப்பா எங்கள் தோட்டத்திலேயே ஒரு பேண்டு செட் சேர்த்துவிட்டார். ஸ்டோரில் வேலை செய்த ஒருவர் டிராம்போன். தையற்காரர் கிளாரினெட். லோரி ஓட்டுநர் பெரிய டிரம். ஆயக்கொட்டகை ஆயாவின் மகன் சிறிய டிரம். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர் கழுத்தில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டார். மொத்தம் ஏழு பேர். 16 பேர் வாசிப்பதை ஏழு பேர் வாசிக்க வேண்டும். "அதனால நாங்க ஒவ்வொருத்தரும் ரெண்டரை ஆளு" என்று அப்பா சிரிப்பார்.

என்ன வாசித்தார்கள்? சினிமாப் பாட்டுத்தான். அந்தத் தலைமுறைக்கு பிக் பேண்ட் இசையைத் தமிழில் ஊட்டியவர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அல்லவா? 1952இல் 'பணம்' படத்தில் சேர்ந்த அந்த இருவரும் 1964இல் மட்டும் 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' என்று எத்தனை விருந்து படைத்தார்கள்! கர்நாடக ராகத்தில் தொடங்கும் மெட்டுக்கு நடுவில் ட்ரம்பெட்டுகள் கூட்டமாக எழுந்து முழங்கும். உடனே வயலின்கள் வந்து அணைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் டியூக் எலிங்டன் தம் பெரிய பேண்டோடு 1963இல் சென்னைக்கே வந்து வாசித்துவிட்டுப் போனார். அப்படி ஒரு காலம் அது.

எங்கள் லயத்தில் ஒரு பெரிய வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் கோலாலம்பூர், இரவில் சிங்கப்பூர். ஜோகூரில் இருப்பதில் அது ஒரு சௌகரியம். இரண்டு நாட்டுத் தமிழ் ஒலிபரப்பும் காதில் விழும். எல்லாரும் டி.எம்.எஸ். குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடி, விரலைத் தொடையில் தட்டிக்கொண்டு பின்னணியைக் கேட்பார். "பாடறவரு மூச்சு வாங்குற இடத்துல என்ன வருதுன்னு கேளு. அங்கதான் வாத்தியக்காரன் பொழைக்கிறான்" என்பார். எழுதத் தெரிந்த இசை அல்ல அவருடையது. காதில் விழுந்ததை உதட்டில் ஏற்றிக்கொண்டது.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போகும். சாமி திரும்பி வந்து எல்லாம் அடங்கிய பிறகு பெரட்டுக் களத்தில் பேண்டு செட் உட்காரும். பெண்கள் பாயை விரித்துக்கொண்டு பிள்ளைகளை மடியில் போட்டுக் கேட்பார்கள். மறுநாள் காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டியவர்கள்தாம் அத்தனை பேரும்! ஆனாலும் எழுந்து போக மனம் வராது. அம்மாவும் அப்படித்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்கு வந்து, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். "ஒங்கப்பா மூஞ்சியப் பாத்தா கட்டிக்கிட்டேன்? கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி இருந்துச்சு. காதால பாத்துதான் கட்டிக்கிட்டேன்" என்று அம்மா இன்றும் சொல்வார்.

திருவிழா வருடத்துக்கு ஒருமுறைதான். கல்யாணங்களோ மாதம் ஒன்றிரண்டு. மீதிக்கு அப்பா கூலாய்க்குப் போய்ப் பெரியவரின் பேண்டில் சவ ஊர்வலத்துக்கு ஊதினார். ஒரு சாவுக்குக் கிடைத்த பணம் ஒருநாள் பால் வெட்டுக் கூலியைவிடக் கூடுதல். எங்கள் பள்ளிச் சட்டை, சப்பாத்து, புத்தகப் பை எல்லாம் அந்தப் பணந்தான். முகந்தெரியாத எத்தனையோ சீனக் குடும்பங்களின் துக்கத்தில் நாங்கள் படித்தோம்.

1995இல் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல பையன், பாசிர் கூடாங்கில் வேலை. பேச்சு முடியும் தறுவாயில், மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கங்காணி வீட்டில் சொல்லி அனுப்பினார்: "பொண்ணோட அப்பா சாவுக்கு ஊதுறவராமே? நாளைக்கு நாலு பேரு எங்களை என்ன சொல்லுவாங்க?" அந்தக் கேள்வியில் வேறு எந்தக் கேள்வி மறைந்திருந்தது என்பது உங்களுக்கும் புரியும். கப்பலேறி வந்தபோது நம் முன்னோர் சிலவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். அம்மா அழுதார். அக்கா உள்ளே இருந்தாள். எனக்கு 16 வயது. ஐந்தாம் படிவத்துக்குப் போகவிருந்த காலம். அப்போதெல்லாம் 'ரோஜா' பாட்டைக் கேட்ட காதுக்கு அப்பாவின் பாட்டு பழைய பஞ்சாங்கம். டவுன் பள்ளியில் கூட்டாளிகள், "ஒங்கப்பாவ சீனன் சாவுல பாத்தோம்டா" என்று சொன்னது வேறு மனத்தில் புகைந்துகொண்டிருந்தது. நான் போய் அப்பா முன்னால் நின்று சொன்னேன்:

"ஒங்களாலதாம்பா இதெல்லாம். சாவுக்கு ஊதுற பொழப்ப விட்டா என்ன? எங்களுக்கு வெக்கமா இருக்கு."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அவரோ எழுந்து உள்ளே போய், ட்ரம்பெட்டைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். "சரிய்யா" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. ஒலிபெருக்கியும் கீபோர்டு வைத்த இருவரும் வாடகைக்கு வந்தார்கள். ஏழு பேர் ஊதியும் அடித்தும் உண்டாக்கியதை ஒருவர் பத்து விரலால் உண்டாக்கினார். அப்பாவின் தோழர்கள் ஆறு பேரும் வேட்டி கட்டிக்கொண்டு விருந்தாளிகளாக வந்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். தம் நண்பரின் மகள் கல்யாணத்தில் வாசிக்காமல் சாப்பிட மட்டும் வந்தவர்களின் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்.

ஒரு விசித்திரம் கேளுங்கள். 1965இல் பிரிந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 30 வருடங்களுக்குப் பிறகு 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்ததும் அதே 1995இல்தான். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து அம்மாதான் அப்பாவுக்குச் சொன்னார். "சேந்துட்டாங்களா? நல்லது" என்றார் அப்பா.

பிறகு தோட்டம் கைமாறியது. லயங்கள் உடைபட்டன. நாங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். அப்பா தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை பார்த்தார். பேண்டு செட்டின் ஏழு பேரும் ஏழு தாமானுக்குச் சிதறிப்போனார்கள். கூலாய்ப் பெரியவரும் காலமானார். நான் பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி ஆசிரியனானேன். பெட்டி மட்டும் அலமாரி மேலேயே இருந்தது.

2015 ஜூலை 14ஆம் தேதி எம்.எஸ்.வி. மறைந்தார். அன்று பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தபோது வானொலியில் அவர் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா சன்னலோரம் உட்கார்ந்து தொடையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். பித்தான்கள் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு அசைத்து, அப்பா கையில் கொடுத்தேன்.

"ஊதுங்கப்பா."

அவர் உதட்டை நனைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, வைத்து ஊதினார். காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்றுத்தான். 20 வருடம்! அப்பா வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒதடு மறந்துடுச்சுய்யா. வெரலு மறக்கல, பாரு" என்று, சத்தமே இல்லாமல், வானொலிப் பாட்டுக்குச் சரியாக மூன்று பித்தான்களையும் அழுத்திக் காட்டினார்.

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "டீ போடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

2018இல் அப்பா போய்விட்டார். வீட்டில் ஏற்பாடுகள் பேசிக்கொண்டிருக்கும்போது அக்காவின் கணவர் என்னைத் தனியே அழைத்து, "மச்சான், மாமாவுக்கு பேண்டு வைக்கலாமா? அன்னிக்கு எங்க வீட்டுல பேசினது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்" என்றார். கூலாய்க்கு அவரே காரில் போனார். பெரியவரின் பழைய கூட்டாளிகளில் மிஞ்சியிருந்த இருவர் வந்தார்கள். எழுபதைத் தாண்டிய சீனர்கள். அப்பா எப்போதோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ்ப் படப் பாட்டை, ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்கி, ஓரிடத்திலும் அறுந்துவிடாமல் வாசித்தார்கள். காசு கொடுத்தோம்; வாங்கவில்லை.

இதைத்தான் அன்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, திண்ணையில் நான் சொன்ன சொல்லையும், உதடு மறந்ததையும் சொன்னேன். மறுநாள் ட்ரம்பெட்டைக் கொண்டுபோய் எல்லாரையும் தொட்டுப் பார்க்க விட்டேன். அடுத்த வாரம் அந்த மாணவனின் தகப்பனாரைப் பள்ளிக்கு அழைத்தேன். "சாவு வாத்தியத்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படி சார் கொண்டு வர்றது?" என்று வாசலிலேயே தயங்கி நின்றார். "எந்த வாத்தியத்துக்கும் சாவு கிடையாது, உள்ளே வாங்கண்ணே" என்றேன். தோலை நெருப்பில் காட்டி எப்படி இறுக்குவது, இரண்டு குச்சிகளுக்கும் என்ன வேலை என்று அவர் விளக்க, கேலி செய்த அதே பையன்கள் முன் வரிசைக்கு முண்டியடித்தார்கள். மகன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிகளில் பேண்டு வாத்தியக் குழுவை மலாயில் 'பஞ்சராகம்' என்கிறார்கள். நம் காதுக்குப் பழகிய சொல்தானே! சீனப் பெரியவர் சொல்லிக்கொடுக்க, அமெரிக்காவில் பிறந்த இசையை, சென்னைப் பட மெட்டில், மலாயா மண்ணில் தமிழர் ஏழு பேர் வாசித்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? நாம் குடியிருந்த வரிசை வீட்டுக்கும் லயம் என்று பெயர். பாட்டின் கட்டுக்கும் லயம் என்றே பெயர். நம் பெற்றோர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வாழ்ந்தார்கள். பக்கத்து வீட்டில் மூச்சு முட்டினால் இந்த வீடு தாங்கியது.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ இருப்பார். அவர் வாசித்தவராக இருக்கலாம்; பாடியவராக இருக்கலாம்; பாயில் உட்கார்ந்து கேட்டவராக மட்டுங்கூட இருக்கலாம். இன்று இரவு தொலைபேசியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "ஒங்க காலத்துல எந்தப் பாட்டு?" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் இடையில் பேசாதீர்கள். சொல்ல வேண்டிய மன்னிப்பு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நான் அன்று டீ போடப் போனேன். நீங்கள் போகாதீர்கள்.